பவல் ரிவருக்குக் குடிபோகலாமா?

கேள்வி இதுதான்: "கனடாவில், வான்கூவரை அடுத்த சர்ரேயில் இருக்கிறோம். மனைவிக்குப் பவல் ரிவர் மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. காகித ஆலை மூடிப்போன ஊர், அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையில் எப்படிப்பட்ட ஊர்? போகலாமா?"

நான் அங்கே ஐந்து வருடம் குடியிருந்தவன். உங்களைப் பயமுறுத்துகிறவர்கள் அந்த ஊருக்குப் போயிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். போயிருந்தால் ஆலையை விட்டுவிட்டு ஃபெர்ரியைச் சொல்லித்தான் பயமுறுத்தியிருப்பார்கள். அதனால் ஃபெர்ரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பவல் ரிவர் தீவில் இல்லை. வான்கூவர் இருக்கும் அதே பெருநிலத்தில், அதே கடற்கரையில், வடமேற்கே நூற்றிருபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது. ஆனால் சாலை கிடையாது. நடுவில் ஹவ் சவுண்ட், ஜெர்விஸ் இன்லெட் என்று கடல் இரண்டு இடத்தில் மலைகளுக்குள் கத்தி போல இறங்கியிருக்கிறது. பின்னால் பனிமலை. ஆகவே ஹார்ஸ்ஷூ பே துறையில் ஒரு ஃபெர்ரி ஏறி நாற்பது நிமிடத்தில் லாங்டேல். அங்கிருந்து எண்பது கிலோமீட்டருக்கு வளைந்து வளைந்து போகும் சாலை. ஏர்ல்ஸ் கோவ் துறையில் இரண்டாவது ஃபெர்ரி, ஐம்பது நிமிடம். சால்டரி பேயில் இறங்கி இன்னும் முப்பது கிலோமீட்டர். எல்லாம் ஒத்துவந்தால் நாலரை, ஐந்து மணி நேரம். ஒத்துவராத நாட்கள் நிறைய. காற்று அடித்தால் படகு ரத்து. ஊழியர் குறைந்தால் ரத்து. கோடை நீள்விடுமுறையில் உங்களுக்கு முன்னால் நிற்கும் வண்டியோடு படகு நிறைந்துவிடும், நீங்கள் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும்.

ஒரு தடவை லாங்டேலில் இறங்கியதும் பசிக்கிறதே என்று வழியில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். ஏர்ல்ஸ் கோவ் இறக்கத்தில் திரும்பும்போது கடைசிப் படகின் பின்விளக்கு தெரிந்தது. இருநூறு மீட்டர் தூரம்கூட இருக்காது. அங்கே ஊர் என்று எதுவும் இல்லை. கார்கள் நிற்கும் தளம், ஒரு கழிப்பறை, சுற்றிலும் காடு. போனில் சிக்னலும் இல்லை. காரிலேயே ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். விடியற்காலை கண்ணாடியில் தட்டி எழுப்பியவர் அதே கதிக்கு ஆளான பிளம்பர் ஒருவர். பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். தப்பு முழுக்க என்னுடையதுதான். அதற்குப் பிறகு லாங்டேலுக்கும் ஏர்ல்ஸ் கோவுக்கும் நடுவில் நான் சாப்பிட நின்றதே இல்லை.

வேறு வழிகளும் உண்டு. ஊரின் வெஸ்ட்வியூ துறையிலிருந்து நேர் எதிரே வான்கூவர் தீவின் கோமாக்ஸுக்கு ஒன்றரை மணி நேர ஃபெர்ரி. காஸ்ட்கோ என்ற பெரிய மொத்த விலைக் கடைக்கு ஊர்க்காரர்கள் கடல் தாண்டி, கோமாக்ஸை அடுத்த கோர்ட்னி போவது இப்படித்தான். காலையில் போய் மாலையில் டயர், அரிசி மூட்டை, கழிப்பறைத் தாள் கட்டுகளோடு திரும்பும் வண்டிகளைப் பார்த்தாலே தெரியும். சின்ன விமான நிலையம் ஒன்றும் இருக்கிறது. அரை மணி நேரத்தில் வான்கூவர். மூடுபனி இல்லாவிட்டால்.

இப்படி ஒரு மூலையில் போய் ஏன் உலக அளவிலான ஆலை கட்டினார்கள்? தண்ணீருக்காக. ஊருக்குப் பெயர் கொடுத்த ஆறு அரை கிலோமீட்டர் நீளம்தான், உலகின் மிகக் குட்டி ஆறுகளில் ஒன்று. ஆனால் அதன் தலைமாட்டில் பவல் ஏரி கடல் மட்டத்துக்கு ஐம்பது மீட்டர் மேலே நிற்கிறது. ஏரி முடிகிற இடத்தில் ஓர் அணை, அணையிலிருந்து குழாய், குழாயின் அடியில் ஆலை, ஆலையின் வாசலில் ஆழ்கடல் கப்பல் வந்து கட்டும் துறைமுகம். பின்னால் கண்ணுக்கு எட்டியவரை மரம். மின்சாரம், மூலப்பொருள், ஏற்றுமதி எல்லாம் கூப்பிடு தூரத்தில் அமைந்த இடம் உலகத்தில் எத்தனை இருக்கும்? அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து வந்த புரூக்ஸ், ஸ்கேன்லன் என்ற மர வியாபாரிகளுக்குச் சாலை தேவைப்படவில்லை. கப்பல் போதும். 1912இல் முதல் நியூஸ்பிரிண்ட் (செய்தித்தாள் காகிதம்) சுருள் வெளியே வந்தது. மேற்குக் கனடாவின் முதல் நியூஸ்பிரிண்ட் ஆலை அதுதான். பின்னாளில் உலகிலேயே பெரியது என்று பெயர் வாங்கியது. உலகில் அச்சான இருபத்தைந்து செய்தித்தாளில் ஒன்று பவல் ரிவர் காகிதத்தில்தான் அச்சாயிற்று என்று கிழவர்கள் இன்னும் சொல்வார்கள்.

வேலை நடந்த விதம் இது. காட்டில் வெட்டிய மரங்களைக் கடலில் தெப்பமாகக் கட்டி இழுவைப் படகு கொண்டுவரும். ஆலை முன்னால் கடலிலேயே அவை மிதந்து கிடக்கும். பிறகு பட்டை உரித்து, துண்டாக்கி, சுழலும் பெரிய அரவைக் கல்லில் அழுத்தித் தேய்ப்பார்கள், தேங்காய் துருவுவது மாதிரி. கல்லைச் சுற்றத்தான் ஏரியின் தண்ணீர். அந்தக் கூழோடு வேதிமுறையில் எடுத்த கூழையும் கலந்து கம்பி வலை மேல் ஓடவிட்டு, பிழிந்து, உலர்த்தினால் காகிதம். வேதிமுறைக் கூழுக்கு ஒரு நாற்றம் உண்டு, அழுகின முட்டை மாதிரி. ஊர் முழுக்க அது பரவிக் கிடக்குமாம். கேட்டால் "அது காசு வாசனை" என்பார்கள். அந்தக் கூழ்ப் பிரிவை 2001இல் மூடிவிட்டார்கள், ஆகவே எனக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

மிதக்கும் மரங்களைப் புயல் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க அலைத்தடுப்பு வேண்டுமே. அதற்குக் கல் கொட்டி மாளாத ஆழம். கம்பெனி என்ன செய்தது தெரியுமா? பழைய கப்பல்களை வாங்கிச் சங்கிலி போட்டு வரிசையாக நிறுத்தியது. அவற்றில் பெரும்பாலானவை கான்கிரீட் கப்பல்கள்! போர்க்காலத்தில் இரும்புத் தட்டுப்பாட்டால் அமெரிக்கா கான்கிரீட்டில் கப்பல் கட்டியது. எனக்குப் பிடித்தது பெரால்டா. முதல் உலகப் போர்க் காலத் திட்டத்தில் எண்ணெய்க் கப்பலாகக் கட்டப்பட்டு, கடலில் இறங்கும்போது போரே முடிந்துவிட்டது. அலாஸ்காவில் சாளை மீன் டப்பாவில் அடைக்கும் கூடமாகக் கொஞ்ச காலம் ஓட்டியது. 1958இல் பவல் ரிவர் வந்து சேர்ந்தது. மற்றவை இரண்டாம் போர்க் காலத்துக் கப்பல்கள். விக்கா, ஸ்மீட்டன், லெ ஷாத்தலியே என்று அவற்றுக்கு சிமெண்ட், சுண்ணாம்பு ஆராய்ந்தவர்களின் பெயர்கள். பெயர் வைத்த அதிகாரிக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். குவார்ட்ஸ் என்ற கப்பல் 1946இல் பிகினி தீவில் அணுகுண்டுச் சோதனையின்போது அங்கே நின்றிருந்தது. ஒரு கப்பலை 2018இல் கரைக்குப் பக்கத்திலேயே மூழ்கடித்து முக்குளிப்பவர்களுக்கான செயற்கைப் பாறைத்திட்டு ஆக்கிவிட்டார்கள். நெடுஞ்சாலை ஓரத்துக் காட்சி மேடையில் நின்று உங்கள் குழந்தைக்கு இதையெல்லாம் காட்டலாம். கான்கிரீட் மிதக்குமா என்று அவள் கேட்கிற வயது வரும்போது பதில் கண்ணெதிரே இருக்கும்.

ஏரிக்கும் ஒரு ரகசியம் உண்டு. அது ஒரு காலத்தில் கடலின் கிளை. பனியுகம் முடிந்து, பனியின் கனம் விலகியதும் நிலம் மேலே எழும்பியது, வாய் அடைபட்டது. மேலே ஆற்று நீர் நிறைந்தது. ஆனால் அடியில் சிக்கிய கடல் நீர் வெளியே போகவே இல்லை. சுமார் 350 மீட்டர் ஆழமுள்ள அந்த ஏரியின் அடியில் பத்தாயிரம் ஆண்டுப் பழைய கடல் நீர் இன்னும் கிடக்கிறது. உப்புக் கனத்தால் மேல் நீரோடு கலப்பதில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1961இல் இதை எழுதி வெளியிட்டார்கள். மேலே அதே ஏரியில் மிதக்கும் குடில்கள்: தேவதாரு மரத் தெப்பத்தின் மேல் சின்ன வீடு, கரையோடு கம்பியால் கட்டியது. ஆலைத் தொழிலாளிகள் வார இறுதிக்கு மீன் பிடிக்கவும் வேட்டைக்கும் மலிவாகக் கட்டிக்கொண்டவை. தெப்பத்தில் கீரைப்பாத்திகூட மிதக்கும்.

இனி ஊர். நகராட்சி என்ற ஒற்றைப் பெயருக்குள் நாலு ஊர்கள் இருக்கின்றன: டவுன்சைட், வெஸ்ட்வியூ, கிரான்பெரி, வைல்ட்வுட். 1955இல் ஒன்றாக்கினார்கள், நகரம் என்ற தகுதி 2005இல்தான். டவுன்சைட்தான் கம்பெனி கட்டிய ஊர். மரங்களின் பெயர் வைத்த தெருக்கள், வீட்டுக்கு வீடு தோட்டம், சுமார் 400 பழைய கட்டடங்கள். மேனேஜர்களின் வீடுகள் காட்சி நன்றாகத் தெரியும் மேட்டில். சாதாரணத் தொழிலாளிகளின் வீடுகள் கீழே. கம்பெனியே வீட்டுக்காரன், கடைக்காரன், மருத்துவமனைக்காரன். கம்பெனியிடம் இருக்கப் பிடிக்காதவர்கள் வெளியே போய்க் குடியேறிய இடங்கள்தான் மற்ற மூன்றும். வைல்ட்வுட்டில் இத்தாலியக் குடும்பங்கள் வந்து தோட்டம் போட்டார்கள். 1955இல் கம்பெனி வீடுகளை விற்றுவிட்டது. 1995இல் மத்திய அரசு டவுன்சைட்டைத் தேசிய வரலாற்றுப் பகுதியாக அறிவித்தது. பழைய அஞ்சலகம் இருந்த அரசுக் கட்டடத்தில் இப்போது பீர் வடிக்கிறார்கள். 1928இல் கட்டிய பட்ரீஷியா தியேட்டரில் இன்னும் படம் ஓடுகிறது.

"ஆலை மூடிப்போன ஊர்" என்ற பயத்துக்கு இப்போது வருகிறேன். 1970களில் ஆலையில் 2,500 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். பள்ளிக்கூடம் முடித்த பையன் மறுநாள் ஆலை வாசலில் போய் நின்றால் போதும், படகு வாங்குகிற சம்பளம். அப்புறம் இயந்திரமயம் வந்தது, ஒரு பிரிவு போனது, இன்னொன்று போனது. தொலைபேசிப் புத்தகத்துக்கும் செய்தித்தாளுக்கும் காகிதம் செய்கிற ஆலைக்கு இணையம் என்ன செய்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருந்தது: மக்மில்லன் புளோடெல், பசிஃபிகா, நார்ஸ்கே கனடா, கேட்டலிஸ்ட், பேப்பர் எக்ஸலன்ஸ். 2021 டிசம்பரில் இயந்திரங்கள் நின்றபோது மிச்சம் இருந்தவர்கள் சுமார் இருநூறு பேர். 2023 ஆகஸ்டில் நிரந்தர மூடல் என்று அறிவித்தார்கள்.

மக்கள்தொகையைப் பாருங்கள். ஆலை உச்சத்தில் இருந்த 1970களில் 13,000 சொச்சம். 2021 கணக்கெடுப்பில் 13,943. ஒரே நாளில் ஆலை போயிருந்தால் ஊர் காலியாகியிருக்கும். அதே கடற்கரையில் வடக்கே ஓஷன் ஃபால்ஸ் என்ற காகித ஆலை ஊர் 1980இல் ஆலை மூடியதும் அப்படித்தான் ஆனது. பவல் ரிவரில் ஆலை நாற்பது வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. அதற்குள் மருத்துவமனை, பள்ளிகள், காட்டு வேலை, டெக்ஸாடா தீவின் சுண்ணாம்புக்கல் குவாரி, ஓக்கியோவர் பக்கத்துச் சிப்பிப் பண்ணைகள் என்று ஊர் வேறு கால்களில் நிற்கப் பழகிவிட்டது. வான்கூவர் வீட்டை விற்றுவிட்டு வந்த ஓய்வுபெற்றவர்கள், மடிக்கணினியோடு வந்தவர்கள் வேறு. ஆலை சம்பளம் மாதிரி சம்பளம் பிறகு வரவில்லை என்பதும் உண்மை. வரிச் சுமை வீட்டுக்காரர்கள் தலையில் விழுந்தது என்பதும் உண்மை. ஆனால் இது பேய் ஊர் இல்லை.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு கெட்ட செய்தி: வீடு மலிவாகக் கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். சர்ரேயை விடக் குறைவு, ஆனால் "ஆலை மூடிய ஊர்" விலை இல்லை. வாடகை வீடு கிடைப்பது அதைவிடக் கஷ்டம். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே குடியிருப்பு உதவி உண்டா என்று உங்கள் மனைவி கேட்டுவிட வேண்டும்; நர்ஸ் கிடைக்காமல் தவிக்கிற இடங்களில் கேட்டால் கொடுப்பார்கள்.

மருத்துவமனையின் பெயர் இப்போது கதெத் பொது மருத்துவமனை. இதைப் புரிந்துகொள்ளாமல் அந்த ஊரில் வாழ முடியாது, அதனால் சொல்கிறேன். ஆற்று வாயில் ஆலை நிற்கும் இடம் ட்லாமின் என்ற பழங்குடி மக்களின் பழைய ஊர். டிஸ்க்வாட் என்று பெயர். 1870களில் அந்த நிலம் அவர்களைக் கேட்காமலே மர வியாபாரத்துக்குக் கைமாறியது. அணை கட்டியபோது சால்மன் ஏறும் வழியும் அடைபட்டது. அவர்களின் இப்போதைய ஊர் நகரத்துக்கு வடக்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது. 2016 ஏப்ரல் 5 முதல் ஒப்பந்தப்படி தன்னாட்சி. ஊருக்குப் பெயர் தந்த இஸ்ரேல் வுட் பவல், மாகாணத்தின் பழங்குடி விவகார மேலதிகாரியாக இருந்தவர். பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளுக்கு வழிவகுத்த காலத்து நிர்வாகி. அந்தப் பெயரை மாற்றுங்கள் என்று 2021இல் ட்லாமின் அரசு நகராட்சியைக் கேட்டது. ஊரைச் சுற்றியுள்ள வட்டார நிர்வாகத்தின் பெயர் 2018இலேயே கதெத் என்று மாறியிருந்தது. ஒன்றாக வேலை செய்வது என்று பொருள், ட்லாமின் பெரியவர்கள் கொடுத்த சொல். மருத்துவமனை 2022இல் மாறியது. ஊரின் பெயரில்தான் சண்டை. எங்கள் தெருவில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இருபது வருட நட்பை இதில் முறித்துக்கொண்டதைப் பார்த்தேன். புதிதாக வருகிறவரிடம் "நீ என்ன நினைக்கிறாய்" என்று கேட்பார்கள். என் கருத்தைக் கேட்டால், பெயரை மாற்றுவதே நியாயம். ஆனால் வந்த முதல் மாதத்தில் நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், காதைத் திறந்து வையுங்கள்.

குழந்தைக்கு நல்ல ஊர். நடந்து போகிற தூரத்தில் கடற்கரை. மேல்நிலைப் பள்ளிக்கு அந்த மினசோட்டா புரூக்ஸின் பெயரே வைத்திருக்கிறார்கள். இசை அந்த ஊரில் விசித்திரமாகச் செழித்த விஷயம். கத்தவ்மிக் என்று ஒரு பன்னாட்டுச் சேர்ந்திசை விழா, 1984இல் தொடங்கியது. கோடையில் நாடு நாடாகப் பாடகர் குழுக்கள் வந்து ஊர்க்காரர்கள் வீடுகளில் தங்கும். 13,000 பேர் உள்ள ஊரில் இது எப்படி நடக்கிறது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம். நடக்கப் பிடிக்குமென்றால் சாரா பாயிண்டிலிருந்து சால்டரி பே வரை 180 கிலோமீட்டர் மலைப்பாதை இருக்கிறது. ஊர்த் தன்னார்வலர்கள் வெட்டியது. வழியெங்கும் இரவு தங்கக் குடில்கள், காசு கிடையாது. ஆலையில் இயந்திரம் பழுதுபார்த்துப் பழகிய கைகள் ஓய்வுபெற்றதும் குடில் கட்டப் போய்விட்டன.

மருத்துவ விஷயத்தில் ஒன்று. சிறப்பு மருத்துவர் பெரும்பாலும் வான்கூவரிலோ கோமாக்ஸிலோ. மாகாணத்தின் பயண உதவித் திட்டத்தில் டாக்டரிடம் படிவம் வாங்கிக்கொண்டால் ஃபெர்ரிக் கட்டணம் மிச்சமாகும். மனைவி அங்கேயே வேலை பார்ப்பதால் இது அவருக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். நான் இரண்டு வருடம் தெரியாமல் காசு கட்டிக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு: அரிசி, பருப்பு, காய்கறிக்குக் குறையில்லை. கறிவேப்பிலை, தேங்காய்த் துருவல், நல்ல மிளகாய்த்தூள் எல்லாம் சர்ரேயிலிருந்துதான். நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை உறைபெட்டி நிறைய ஏற்றிக்கொண்டு போவோம். மீன் மட்டும் உங்களுக்கு சர்ரேயில் கிடைக்காத மீன்: பருவத்தில் இறால், சால்மன், சிப்பி, படகிலிருந்து நேராக. நம்மவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். பொங்கலுக்கு நாலு குடும்பம் கூடினால் பெரிய கூட்டம். வீட்டில் சும்மா இருந்தால் நவம்பர் மழையில் மனசு நனைந்துவிடும். ஏதாவது ஒரு குழுவில் சேருங்கள், பாட்டோ, மலைப்பாதையோ, கால்பந்தோ. அந்த ஊரில் முகம் தெரிந்துவிட்டால் அப்புறம் தனிமை என்பது நீங்களாகத் தேடினால்தான்.

முடிவெடுக்கும் முன் ஒரு தடவை போய்ப் பாருங்கள், ஜூலையில் அல்ல. ஜூலையில் எல்லா ஊரும் அழகு. நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஹார்ஸ்ஷூ பேயில் வரிசையில் நில்லுங்கள். சனிக்கிழமை டவுன்சைட்டில் மழையில் நடந்து, வெஸ்ட்வியூவில் வீடு பாருங்கள். ஞாயிறு திரும்பும்போது ஏர்ல்ஸ் கோவிலிருந்து லாங்டேல் வரை மனைவி ஓட்டட்டும். இரண்டு பேரும் சண்டை போடாமல் வீடு வந்து சேர்ந்தால் வேலையை ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள்.